மீட்டர்காரர் வீட்டுக் காற்று

ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களின் வீட்டில் மின்விசிறி கரண்ட் இல்லாமலேயே சுற்றும். அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முன்பு ஒரு தேர்தலில் முடிதிருத்துபவர் கடை விசிறி அப்படிச் சுற்றியது. கண்ணாடியையும் நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. அதனால் அடுத்த தேர்தலன்று சாயங்காலம் வழக்கம்போல மின்சாரம் போனதும் தெருவே அவரவர் வீட்டு விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மீட்டர்காரர் வீட்டில் மட்டும் அது நிற்கவில்லை.

மீட்டர்காரர், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பவர். தலை நரைத்த பிறகும் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் கட்சிச் செயலாளர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கட்சிக் கூட்டங்களில் நாற்காலி போட்டார், கைதட்டினார், கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கியும் வைத்தார். கட்சி நின்ற இடமெல்லாம் ஜெயித்தது. எதிரணிக்கு ஒப்புக்கு ஒரு சின்னம் இருந்தது. அதற்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்று யாரும் விசாரித்ததில்லை.

அவர் சுவிட்சை அணைத்தார். ஒயரைப் பிடுங்கினார். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி விசிறியையே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அது அங்கேயும் மல்லாந்து கிடந்து சுற்றி, பல வருடத்துத் தூசியை நடுவீட்டில் கொண்டுவந்து கொட்டியது. தான் எந்தச் சின்னத்துக்குப் போட்டோம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்த இன்னொரு ஓட்டு மனைவியுடையது.

"நீயா?" என்றார்.

"ஆமாங்க, நான்தான்." தையல் மெஷினிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. "எத்தனை தடவைதான் ஒரே பட்டனை அமுக்கறது? அலுத்துப்போச்சு."

"என் வேலைக்கு வேட்டு வெச்சுட்டியே!"

"அவங்க ஒழுங்கா ஒரு வேலை குடுத்திருந்தாத்தானே வேட்டு வைக்கறதுக்கு?"

அவர் மறுபடி ஸ்டூலில் ஏறினார். விசிறியைத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் செயலாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், கழுத்து வியர்வையைத் துடைத்தார், விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேலிடத்துக்கு நான் எதுவும் சொல்லலை, மீட்டர்காரரே. ஆனா அடுத்த தேர்தல்ல இது நின்னுடணும். நின்னா உங்க வேலை பெர்மனென்ட். நிக்கலைன்னா இருக்கறதும் போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." சொல்லி முடித்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் ஐந்து வருடம் ஓடியது. கோடை நீண்டது, மின்வெட்டு அதைவிட நீண்டது. விசிறியைப் பற்றித் தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஈரத்துணி காயப்போடவும் கைக்குழந்தையைத் தூங்கவைக்கவும் மட்டும் கூச்சப்படாமல் வந்தார்கள். வேர்க்குரு தாளாத தன் மாமியாரைச் செயலாளரே பாயும் தலையணையுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கோ பார்த்தபடி போவார். மீட்டர்காரருக்கு இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி மத்தியானங்களில் தூங்க ஆரம்பித்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் படுத்து அவர் பார்த்ததில்லை. பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தைத்து, ராத்திரியும் புழுக்கத்தில் புரண்டு, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனவள், இப்போது வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவே வாய் லேசாகத் திறந்திருக்க அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். இந்தத் தூக்கத்தைக்கூட என்னால் தர முடியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

தேர்தல் வந்தது. அதற்கு முந்தின நாள் அவர் கெஞ்சினார். "இந்த ஒரு தடவை எனக்காகப் போட்டுடு."

"சரிங்க, போட்டுடறேன். தினம் உங்க மூஞ்சியைப் பாக்க எனக்கும்தான் கஷ்டமா இருக்கு."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருந்தவருக்கு அந்தச் 'சரி' என்னவோ செய்தது.

பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி. அவள் போன வேகத்தில் வெளியே வந்தாள். முகம் பழையபடி தூக்கமில்லாத முகமாகிவிட்டிருந்தது. அடுத்து அவர் போனார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"என்ன பெரியவரே, பட்டன் வேலை செய்யலையா?" என்று அதிகாரி குரல் கொடுத்தார்.

"செய்யுது, செய்யுது," என்றார் மீட்டர்காரர்.

சாயங்காலம் மின்சாரம் போனபோது செயலாளர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். விசிறி வேகம் குறைந்தது. நிற்பதுபோல ஒருமுறை தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது. செயலாளர் மீட்டர்காரரின் மனைவியை முறைத்தார்.

"சத்தியமா நான் இல்லைங்க!" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"வேகம் கொஞ்சம் கம்மிதான்," என்றார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, பாரு. நீ படு."

கட்சி அந்த முறையும் அமோகமாக ஜெயித்தது. மீட்டர்காரருக்கு வேலை போயிற்று. அவர் அவளுக்குத் துணி வெட்டிக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். மத்தியானமானால் கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். அவருக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது.