திரும்பி வருவதே நல்லது

ஜெய்சனின் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்கியது. அவன் சட்டையைக் கழற்றாமல் நிற்க, மனைவி ரீபா அப்படியே தைத்தாள்.

"ஏட்டி, உடம்புல கிடக்கும்போது தைக்கக் கூடாதும்பாவ."

"அப்ப கழத்துங்க."

"பஸ் போயிருமே."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். திருச்செந்தூர் சாலையில், ஆற்றை ஒட்டிய ஊரிலிருந்த அம்மாவைப் பார்க்க அவன் கிளம்பிப் போனான்.

மறுநாள் ஆறு அந்த ஊருக்குள் புகுந்தது. "மச்சுல ஏறிட்டோம். இன்சுலின் பை தண்ணியோட போயிட்டு" என்று ஒரே ஒருமுறை பேசினான். பிறகு டவர் செத்துவிட்டது. பத்து வயதிலிருந்தே தினமும் ஊசி போட்டு வாழ்பவன். மூன்றாம் நாளைத் தாங்கமாட்டான் என்பது ரீபாவுக்குத் தெரியும்.

மருந்து சுமக்கும் ட்ரோனுக்குப் பாளையங்கோட்டையில் பாடம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். திரையில் இரண்டு பறத்தல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒன்று மருந்தைச் சேர்த்துவிட்டு மின்சாரம் தீர்ந்து விழும். மற்றது காற்றுக்குப் பயந்து பாதியில் திரும்பும். எது நல்லது என்று அமுக்க வேண்டும். இரண்டு வருடமாக அவள் திரும்பியதையே அமுக்கினாள். ஆயிரக்கணக்கான அந்த விரல் அசைவுகளிலிருந்து இயந்திரம் தன் புத்தியைத் தேடிக்கொண்டது.

"அக்கா, உங்ககிட்ட படிச்சது கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்திக்கு முந்தித் திரும்பிருமே" என்பான், உடன் வேலை பார்க்கும் மாரிராஜ்.

"சிரிக்காத லே. இன்னைக்குத் திரும்பி வந்தாத்தான நாளைக்கும் போவும்."

சாலை அறுந்த இடத்தில், பள்ளிக்கூட மொட்டைமாடியிலிருந்து இருவரும் ட்ரோனை அனுப்பினார்கள். முதல் நாள் பாதி வழியில் திரும்பியது. இரண்டாம் நாள் வீட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கையில் திரும்பியது. அதன் பதிவை மாரிராஜ் வாசித்தான்: போய்ச் சேர வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு, திரும்பி வர நூற்றுக்கு நாற்பது.

"கையால ஓட்டேன், மாரி."

"சிக்னல் இல்லையேக்கா. அதுவாத்தான் முடிவெடுக்கணும்."

"சொல்லிக்குடுத்தத மாத்து."

"ஆபீஸ் மெஷினெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு."

"தொண்ணூறுலா மாரி! தொண்ணூறு!"



மூன்றாம் நாள் காலை மறுபடி அனுப்பினார்கள். அது கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில் தெற்கே ஒரு படகு தெரிந்தது. படகில் ஜெய்சனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கிடந்த தலை, படகு ஆடிய பக்கமெல்லாம் ஆடியது. ரீபா படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"நேத்து ராத்திரி வரைக்கும் மூச்சு இருந்துச்சும்மா" என்றார் படகுக்காரர்.

மேலே இரைச்சல் கேட்டது. ட்ரோன் மொட்டைமாடியில் சொன்ன இடத்தில் மெல்ல இறங்கியது. மாரிராஜ் பழக்கத்தில் பெட்டியைத் திறந்தான். குப்பிகள் உடையவில்லை. உள்ளே வெப்பம் ஐந்து டிகிரி. ஏற்றும்போதும் ஐந்துதான்.