பாதிப் பாரம்

மூன்றாவது தடவையாகப் பாத்திரம் கழுவுகிற மிஷின் நின்றபோது சின்னவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முகப்பில் ஈ4 என்று சிவப்பாக மின்னியது. பாத்திரங்கள் மேல் தண்ணீர் அடிக்கிற சத்தம் நின்றுபோய், பம்பு மட்டும் கட்டிப்போட்ட நாய் மாதிரி விடாமல் உறுமியது.

அவள் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். காலையில் வாசலிலேயே சூப்பர்வைசரம்மா ஒவ்வொருத்தி கையையும் புரட்டிப் பார்ப்பாள். தோல் வெடித்த கையைத் தின்கிற பண்டத்தில் வைக்க விடமாட்டாள். சின்னவளுக்கோ விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. மடக்கினால் ரத்தம் கசியும். சோப்புத் தண்ணியில் கை வைக்காதே, தானாக ஆறிவிடும் என்றார் டாக்டர். அவருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிட்டார். இந்த வாரமும் கை இப்படியே இருந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக சூப்பர்வைசரம்மாவும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் இன்னொரு பெண் உண்டு. புருஷனின் அக்கா, பெரியவள். பாதி ஆயுளைச் செங்கல் சூளையில் தலைச்சுமையிலேயே கழித்தவள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. நின்றபடி சமைக்கலாம், குனிந்து பாத்திரம் தேய்க்கக் கூடாது. தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆகவே சின்னவளின் அண்ணன் தன் வீட்டுப் பழைய டிஷ்வாஷரைக் கொடுத்தபோது சின்னவள் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுல இந்தப் பெட்டி வேறயா?" என்று பெரியவள் அன்றைக்கே முகத்தைச் சுளித்தாள். சின்னவள் அதை மறக்கவில்லை.

கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் 'ஈ4: கசிவு' என்று இருந்தது. கசிவென்றால் ஓட்டை. சின்னவள் குழாய் இடுக்கியை மாற்றினாள், கதவு ரப்பரை மாற்றினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. இரண்டு நாள் ஓடும், மறுபடி ஈ4. தான் வேலைக்குப் போன நேரத்தில் பெரியவள் எதையோ திருகி வைக்கிறாள் என்று அவள் மனசுக்குள் ஒரு பேச்சு ஓடத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு அவள் காலை வேலை முடிந்து வந்து மிஷினைப் போட்ட நேரம் புருஷனும் வீடு திரும்பியிருந்தான். லாரி ஓட்டுகிறவன்.

"நிக்கிற வண்டியைத் தள்ளிட்டுத் திரிய என்னால ஆகாது. மெக்கானிக்கை வரச்சொல்லு. அவனும் கையை விரிச்சா, நாளைக்கு லாரி உங்க அண்ணன் ஊர் வழியாத்தான் போகுது, இந்தப் பெட்டியை அங்கேயே இறக்கிட்டு வந்துடுவேன்."

"அப்புறம் பாத்திரத்தை யாருங்க தேய்க்கிறது?"

அடுப்படியில் பெரியவள் கரண்டியால் வேகமாகக் கிண்டினாள்.

மெக்கானிக் வந்தான். கழுத்தில் டார்ச்சு, வாயில் ஓயாத பேச்சு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தான். அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது.

"அடியில ஒரு தட்டு இருக்குக்கா. தண்ணி சேர்ந்தா அதுல ஒரு மிதவை எழும்பும். எழும்புனா மிஷின் நின்னுடும். அதான் ஈ4."

"அப்ப ஓட்டைதானே?" என்றான் புருஷன்.

"அவசரப்படாதீங்கண்ணே. தண்ணி இங்க வந்துடுச்சுன்னுதான் ஈ4 சொல்லும். எப்படி வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. ஒருத்தனுக்குக் கன்னம் வீங்கியிருக்குன்னு வைங்க. பல்வலியா, வீட்டுல அறை வாங்குனதான்னு நாமதான் கேக்கணும்."

"உனக்கு எதுல வீங்கும்?"

"எனக்கு ரெண்டும் பழக்கம்ணே."

சிரித்தபடி கதவைத் திறந்தவன் சிரிப்பை நிறுத்தினான். உள்ளே தட்டுகள் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று நுரை. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான்.

"இதுக்குப் போடுற சோப்பு மாத்திரை இவ்வளவு நுரைக்காதே. இது கையால பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி. நுரை பொங்கி, கதவு ஓரமா வழிஞ்சு தட்டுல இறங்கியிருக்கு. யாருக்கா ஊத்துனது?"

"நான் மாத்திரை மட்டும்தான் போடுறேன்" என்றாள் சின்னவள்.

புருஷன் அவளைத்தான் பார்த்தான். அவள் பெரியவளைப் பார்த்தாள். அடுப்படி நிலையைப் பிடித்திருந்த விரல்களின் நுனி, வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. நினைத்தது சரிதான். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவளே முந்திக்கொண்டாள்.

"நாந்தான். இப்ப என்னங்கறே?"

"அக்கா, நீ எதுக்கு..." என்றான் தம்பி.

"அது பழசு. இன்னொரு வீட்டுல உழைச்சு ஓய்ஞ்சு வந்தது. கிழட்டு மாட்டு மேல முழுப் பாரத்தையும் ஏத்தினா ஒரு நாள் படுத்துக்கும். படுத்துடுச்சுன்னா இவ கையை வச்சுத்தான் தேய்ப்பா. அதான் இவ வேலைக்குப் போனதும் எல்லாத்தையும் தேய்ச்சு அடுக்கிடுவேன். தேய்க்கிறது நான், அலசுறது அது. பாதிப் பாரம்."

"சோப்போடயேவா வச்சீங்க?" என்றான் மெக்கானிக்.

"அலசியும் குடுத்துட்டா அது எதுக்குடா இருக்கு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "ஆத்தா, இது மாடு இல்ல. எச்சிலும் எண்ணெயுமா வச்சாத்தான் ஒழுங்கா ஓடும். நீங்க உதவி செஞ்சதுலதான் படுத்துக்குச்சு."

"குனியாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று தம்பி கத்தத் தொடங்கினான். சின்னவள் குறுக்கே புகுந்தாள்.

"விடுங்க. மிஷின்ல கோளாறு இல்லைன்னு ஆச்சு. நாளைக்கு லாரில ஏத்த வேண்டாம், அவ்வளவுதானே."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். இத்தனை நாள் நாத்தனாரை மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் சின்னவளுக்கு நினைவுக்கு வந்தது. திட்டியவை சொல்லக்கூடியவை அல்ல. சொல்லாமலே விழுங்கினாள்.

மெக்கானிக் நுரையை வழித்தெடுத்து, அடித்தட்டைத் துடைத்து, வெறும் தண்ணீரில் ஒரு முறை ஓடவிட்டான். பிறகு மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை, தேய்க்காமல், அப்படியே பெரியவளையே அடுக்கச் சொன்னாள் சின்னவள். பருக்கையை மட்டும் தட்டிவிட்டு வைக்கும்போது பெரியவளின் முகம் கோணியது.

"கண்ணு பார்க்கக் கூசுது."

"பார்க்காதீங்க அண்ணி. வாங்க, உக்காருங்க."

பெரியவள் உட்காரவில்லை. மிஷின் ஓடி முடிகிறவரை அதன் பக்கத்திலேயே நின்றாள். தலைச்சுமையை இறக்கியவள் மாதிரி, கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், கடைசியில் மிஷின் மேலேயே வைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. நிற்கவில்லை.