மாமனார் தட்டில் மிச்சம்

மேற்கு சிட்னியில் இருந்த அந்தச் சமோவா வீட்டில் பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பரிமாறியவர்கள் உட்காருவார்கள். மாமனார் தட்டில் மிஞ்சுவது மருமகள் லாங்கிக்கு. ஆறு மாதமாக அந்த மிச்சம் கூடிக்கொண்டே வந்தது. ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலையும் பன்றிக்கறியுமாக வைத்தாலும், மாமனார் பெனித்தாலா நாலு வாய்க்கு மேல் தொடுவதில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

பெரியவர் சாப்பிட மறுத்தால் கோபம் என்றுதான் அர்த்தம். சமோவாக்காரர் கணக்கு அப்படி. "உன் கை சமையல் அப்பாவுக்கு ஆகல, வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு" என்றாள் நாத்தனார். லாங்கிக்குச் சுருக்கென்றது. தன் கையாலேயே மனிதர் செத்துப்போவாரோ என்று பயந்தாள். கடைசியில் குடும்பமே கூடி அவரிடம் மன்னிப்புக் கேட்டது. எதற்கு என்றே புரியாத மனிதர், அவர்கள் மனம் நோகக் கூடாதென்று ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். சற்று நேரத்திலேயே வலியில் சுருண்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண் எதுவும் இல்லை. டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நல்லாத்தான் இருக்கேன் என்றார் பெனித்தாலா. மாமனார் பேசும்போது மருமகள் குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. லாங்கி பேசினாள்.

"நான் பாத்திரம் கழுவி முடிக்கிற நேரம், டாக்டர். சாப்பிட்டு அரை மணி ஆகும். தினமும் கரெக்டா அப்பதான் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போறாரு. அவருக்குச் சோத்துமேல வெறுப்பில்ல. பின்னாடி வர்ற வலிக்குத்தான் பயப்படுறாரு."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறார் என்று கேட்டுவிட்டு, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. சாப்பிட்டதும் குடல் கூடுதல் ரத்தம் கேட்கும், வழி இல்லாததால் வலி. தொடைவழியே கம்பி விட்டு, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். இனி மாத்திரை உண்டு, சிகரெட் கிடையாது.

வீடு திரும்பிய மூன்றாம் ஞாயிறு. லாங்கி பாத்திரம் கழுவி முடித்துக் கொல்லையைப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் பெனித்தாலா காலித் தட்டோடு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் கறி இருக்கா, புள்ள?"

சட்டியை வழித்துப் போட்டாள். நாத்தனாருக்குக் கேட்கும்படி, "நல்லாருக்கு" என்றார் அவர்.

அவர் தட்டில் அவளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தவள், பாதி தின்பதற்குள் அழுதுவிட்டாள்.