பாதி மாத்திரை

என்னைக் கோபக்காரி என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில், தேனிக்கு வெளியே இருந்த எங்கள் முதியோர் இல்லத்தில் பதினெட்டுக் கட்டில்கள். நர்ஸ் என்று இருந்தது நான் ஒருத்திதான். இந்த ஞானபாக்கியத்துக்குக் கோபம் வராமல் பின்னே என்ன வரும்?

அந்த வருஷம் அங்கே இருந்த மாயக்காளுக்கு நிமோனியா கண்டது. பெரியகுளத்திலிருந்து வந்த டாக்டர், புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரையை எழுதினார். நாளைக்கு நான்கு வேளை, ஆறு நாள். "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதே. அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், அப்புறம் மருந்து கேட்காது" என்றார்.

பக்கத்துக் கட்டில் ராக்கம்மாளுக்குச் சாதாரண இருமல். "எனக்கும் ஒண்ணு குடுங்க நர்சம்மா" என்று கையை நீட்டினாள்.

"உனக்குக் கிடையாது. கஷாயத்தைக் குடி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஏன் கிடையாது என்று சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாயக்காள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எனக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு மாத்திரையை அவள் கையில் கொடுத்துவிட்டு, விழுங்குகிறாளா என்று பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

எட்டாம் நாள் காய்ச்சல் திரும்பியது. மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கச் சொல்லியே பார்த்தேன். மருந்து கேட்கவில்லை.

மூச்சு இழுக்க ஆரம்பித்த அன்று, ராக்கம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். பல்லால் கடித்து உடைத்த அரை மாத்திரைகள், புகையிலைத் தூள் ஒட்டியபடி. எண்ணினேன், பன்னிரண்டு.

"மாயக்காதான் குடுத்தா. பாக்குன்னாலும் பொயிலைன்னாலும் எங்களுக்குள்ள பாதி பாதிதான். நான் பாத்துக்கிட்டு இருக்கையில அவ மட்டும் எப்பிடித் திம்பா?"

"நீ தின்னியா?"

"இல்லை நர்சம்மா. வேணாம்னா அவ மொகம் வாடிப்போகும். அதான் வாங்கி முடிஞ்சு வச்சேன். திரும்பக் காச்சல் வந்தா அவளுக்கே ஆகும்ல? இந்தாங்க, இதையும் குடுத்துப் பாருங்க."

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது?

மாயக்காள் சனிக்கிழமை செத்துப்போனாள். எடுத்துக்கொண்டு போன பிறகு, ராக்கம்மாள் காலியான கட்டிலைப் பார்த்தபடி கேட்டாள். "அன்னைக்கே அவ முழுசா முழுங்கியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"அது டாக்டருக்கே தெரியாது ஆத்தா" என்று சொல்லிவிட்டு, மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.