தென்மேற்கு அறையின் ஓசை

தில்லி மயூர் விஹார் ஃப்ளாட்டின் தரையை மாற்றுவது என்று முடிவானதும் ஜெயகிருஷ்ணன் முதலில் செய்த காரியம், வாஸ்து பார்க்க ஆள் பிடித்தது. அமைச்சகத்தில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்தவர். எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்கமாட்டார். ஜனக்புரியிலிருந்து மதன் என்கிற இளைஞர் வந்தார். ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். ஒரு காபி குடித்தார். மறுநாள் காலை வாட்ஸாப்பில் இரண்டு பக்கப் பட்டியல் வந்தது.

அவர் மனைவி சுந்தரவல்லி அதை மெட்ரோவில் நின்றபடி படித்தாள். வடகிழக்குக்கு வெள்ளை மார்பிள். வடக்குக்கு வெளிர் பச்சை. தென்கிழக்குச் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் கூடாது. தென்மேற்குப் படுக்கையறைக்கு அடர்ந்த நிறத்தில் கனமான கல். அங்கே ஈரம் தங்கவே கூடாது. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். கடைசி வரியில்தான் கண் நின்றது. 'கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கவும். மணி போல் ஒலிப்பது ஆண் கல். தாளம் போல் ஒலிப்பது பெண் கல். ஓசையில்லாதது வீட்டுக்கு ஆகாது.'

அவள் வேலையே ஓசையோடுதான். அரசு மருத்துவமனை ஒன்றில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் பிரிவில் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லியதிலும் மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். வாஸ்துவில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கல் மணி போல் ஒலிக்குமா, தாளம் போல் ஒலிக்குமா என்ற கேள்வி ராஜீவ் சௌக் ஸ்டேஷன் வருவதற்குள் அவளைப் பிடித்துக்கொண்டது.

மதியம் மதனை ஃபோனில் அழைத்தாள்.

"நீங்க எந்தெந்தக் கல்லைத் தட்டி இதைக் கேட்டீங்க?"

"மேடம், உண்மையைச் சொல்லணும்னா நான் தட்டினதில்ல. நூல்ல இருக்கு."

"அப்ப கேட்டதே இல்லயா?"

"இல்ல மேடம். நீங்க கேட்டா எனக்கும் சொல்லுங்க."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை மங்கோல்புரி மார்பிள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். தரை போடப்போகிற மேஸ்திரி கலியமூர்த்தி அங்கேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப்பகுதியான மதராசி கேம்ப் இடிபடும்வரை அங்கே இருந்தவர். இப்போது நரேலாவில் இருக்கிறார். அங்கிருந்து மயூர் விஹார் வர இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும் என்பதால், மங்கோல்புரி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம வீட்டுப் பக்கம் மேடம்" என்றார்.

தெருவின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேலான பலகைக்கற்கள் இரும்புச் சட்டங்களில் சாய்ந்து நின்றன. மேலே தண்ணீர் தெளித்து நிறம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சுந்தரவல்லி கைப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்தாள்.

"வல்லி, மானத்தை வாங்காத" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"பட்டியல்ல இருக்கு. நீங்க காசு குடுத்து வாங்கின பட்டியல்."

முதல் வெள்ளைக் கல்லைத் தட்டினாள். 'டிங்' என்று ஓர் ஓசை எழுந்து, அவள் நினைத்ததைவிட நீண்ட நேரம் நின்று, மெல்ல அடங்கியது. பக்கத்திலிருந்த கறுப்பு கிரானைட்டில் ஓசை இன்னும் கூர்மை. காவி நிறக் கல் ஒன்று சற்றே கரகரத்தது. கடையின் பையன்கள் சிரித்தார்கள். அவள் கவனிக்கவில்லை. ஒரே கல்லின் நடுவிலும் ஓரத்திலும் தட்டினாள். இரண்டும் வேறு வேறு சுருதி. பிறகு, அதே வகைக் கல் தரையில் படுக்கவைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துக் குனிந்து தட்டினாள். 'தொப்' என்றது.

"பாத்தீங்களா? நின்னா ஆம்பளை, படுத்தா ஒண்ணுமே இல்ல" என்றாள்.

கலியமூர்த்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆம்பளை பொம்பளையெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். முழுசா இருக்கா, உள்ள உடைஞ்சிருக்கா, அது மட்டும் தட்டினா சொல்லிடுவேன். இதத் தட்டுங்க."

அவர் காட்டியது மார்க்கெட்டிலேயே அழகான கல். பால் வெள்ளையில் சாம்பல் கோடுகள் புகைபோல ஓடின. ஜெயகிருஷ்ணன் அதன் முன்னால்தான் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். சுந்தரவல்லி மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங். இடுப்பு உயரத்தில் ஓசை செத்தது. ஒரு சாண் தள்ளித் தட்டினால் மறுபடி உயிர் வந்தது.

கலியமூர்த்தி அவளைக் கல்லின் பின்பக்கம் அழைத்துப்போனார். கொசுவலை மாதிரி ஒரு வலையை ஒட்டிப் பசை பூசியிருந்தது. அந்தச் செத்த இடத்தில் பசை தடிமனாக இருந்தது.

"சப் மே ஹோதா ஹை, மேடம்" என்றார் கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல்.

"எல்லாத்துலயும் வலை இருக்கும், அது நெசந்தான்" என்றார் கலியமூர்த்தி தமிழில். "ஆனா இது ரெண்டு துண்டா இருந்ததை ஒட்டினது. நடந்து நடந்து நாலு வருசத்துல கோடு விடும்."

அன்று கல் எதையும் வாங்கவில்லை. ஆனால் அவள் காதில் அந்த ஓசைகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஞாயிறு காலை, ஜெயகிருஷ்ணன் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், சாக்பீஸும் ஸ்பூனுமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஃப்ளாட் கட்டியபோது போட்ட மொசைக் தரை. ஹாலில் எல்லா இடமும் ஒரே மாதிரி கனமாக ஒலித்தது. சமையலறையிலும் அப்படியே. தென்மேற்குப் படுக்கையறையில், குளியலறைச் சுவரை ஒட்டிய பகுதிக்கு வந்ததும் ஓசை மாறியது. காலிக் குடத்தைத் தட்டினாற்போல் இருந்தது. தட்டித் தட்டி அந்த எல்லையை சாக்பீஸால் வரைந்தாள். முடித்து எழுந்து பார்த்தபோது, கட்டிலுக்கு அடியில் தொடங்கிச் சுவர்வரை ஒரு முறத்தின் அளவுக்கு நீண்டிருந்தது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தாள். கலியமூர்த்தி வந்து, அந்தக் கோட்டுக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அடியில மண்ணு போயிருக்கு. மண்ணு தானா போகாது மேடம்."

உளி வைத்து நான்கு அடி அடித்ததும் மொசைக் உள்ளே சரிந்தது. பள்ளத்தில் கறுத்த, நசநசத்த மணல். அதன் நடுவே துருப்பிடித்த குழாய் ஒன்று குளியலறையிலிருந்து சமையலறைப் பக்கம் ஓடியது. அதன் மூட்டில் ஒரு துளி திரண்டு, தயங்கி, கீழே தேங்கிய நீரில் விழுந்தது. டக். பிறகு இன்னொன்று.

"நான் சொல்லல? மதன் எழுதியிருக்கான் பாரு, தென்மேற்குல ஈரம் கூடாதுன்னு!" ஜெயகிருஷ்ணன் கிட்டத்தட்டத் துள்ளினார். ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

இதற்கு நேர்கீழேதான் கீழ்வீட்டு ஜ்யோத்ஸ்னாவின் அறை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெண் வந்து சொன்னாள், கூரையில் ஈரம் படர்கிறது என்று. ஜெயகிருஷ்ணன் ப்ளம்பரை அழைத்தார். அவன் குளியலறையில் வண்ணப்பொடி கலந்த தண்ணீரை ஊற்றினான். கீழே வண்ணம் இறங்கவில்லை. மேலே கசிவில்லை என்று எழுதிக் கொடுத்தான். படுக்கையறைத் தரைக்கு அடியில் குழாய் ஓடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரும்பாலும் தமிழர்களே இருக்கும் குடியிருப்பு அது; அதன் சொசைட்டி கூட்டத்தில் ஜ்யோத்ஸ்னா எழுந்து, "ராத்திரி அமைதியா இருக்கறப்ப கூரைக்குள்ள சொட்டற சத்தம் கேக்குது" என்றாள். அதற்குப் பதில் சொன்னது ஜெயகிருஷ்ணன் இல்லை. சுந்தரவல்லிதான். "நான் அஞ்சு நிமிஷம் உங்க ரூம்ல நின்னு பாத்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. என் வேலையே அதுதான். நீங்க வேணா ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க, உங்க காதைப் பாத்துடலாம்." முப்பது பேர் சிரித்தார்கள். அதன்பிறகு லிஃப்டில் சந்தித்தால் இருவரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கலியமூர்த்தி டீ குடிக்கக் கீழே போனார். அவர் போனதும் ஜெயகிருஷ்ணன் கதவைச் சாத்தினார்.

"குழாயை மாத்திடுவோம். மூடிடுவோம். அவளுக்கு ஈரம் நின்னுடும். அதுதானே வேணும்?"

"அவளுக்கு எப்படித் தெரியும், ஏன் நின்னுதுன்னு?"

"தெரிய வேண்டாம். ப்ளம்பர் எழுதிக் குடுத்தது நம்மகிட்ட இருக்கு. நாம பொய் சொல்லலியே."

"பொய் சொல்லல. ஆனா நான் அவளைக் கூட்டத்துல வச்சுக் கேலி பண்ணினேன். அது எழுத்துல இல்ல, ஆனா நடந்தது."

அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பின் வாரை இழுத்துச் சரிசெய்தார். வாரில் கோளாறு ஒன்றுமில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பள்ளத்தின் அருகே குந்தியிருந்தாள். இருபத்து நான்கு வருடமாக, 'கேட்குதா, கேட்கலையா' என்று பிறரிடம் கேட்டுக்கொண்டிருந்தவள். அன்று ஜ்யோத்ஸ்னாவின் அறையில், பகல் வேளையில், தலைக்கு மேல் மின்விசிறி சுழல, ஐந்தே நிமிடம் நின்றுவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எந்த நோயாளியையும் அவள் அப்படிச் சோதித்ததில்லை. எழுந்து, கை கழுவி, படியில் இறங்கினாள்.

ஜ்யோத்ஸ்னா காதில் மாட்டியிருந்த இயர்ஃபோனைக் கழற்றியபடி கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்பவள். முகத்தில் சிரிப்பில்லை. "எஸ், ஆன்ட்டி?"

"கசிவு எங்க தரையிலதான் இருக்கு. இப்பதான் தோண்டிப் பாத்தோம். நீ சொன்னது சரி."

ஜ்யோத்ஸ்னா இயர்ஃபோனைப் பாக்கெட்டில் போட்டாள்.

"கூட்டத்துல உன் காதைப் பத்தி நான் பேசினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீயே வந்து பாரு."

இருவரும் மேலே வந்தார்கள். ஜ்யோத்ஸ்னா பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டக்.

"இதே சவுண்ட்" என்றாள் மெதுவாக. "எக்ஸாக்ட்லி இதே கேப்."

சுந்தரவல்லி அவள் அருகே குந்தினாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க சொன்ன அடுத்த வாரம் நான் நிஜமாவே போய் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். உங்க ஹாஸ்பிடல் இல்ல, வேற இடம். நார்மல்னு சொன்னாங்க. அப்பறம் எனக்கு இன்னும் பயமாயிடுச்சு. காது நார்மல், ஆனா சத்தம் கேக்குதுன்னா என்ன அர்த்தம்? அந்த ரூமையே பூட்டிட்டேன்."

கேலிக்குச் சிரித்த முப்பது பேரும் அன்று இரவே அதை மறந்திருப்பார்கள். இவள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலிக்கும் கையைத் தூக்கியிருக்கிறாள். "மன்னிச்சுக்கோ" என்றாள் சுந்தரவல்லி.

வாசலில் நின்ற ஜெயகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "குரூப்ல போட்டுட்டேன்" என்றார். ஃபோனை நீட்டினார். சொசைட்டி குழுவில், ஆபீஸ் குறிப்பின் நடையில், 'மேற்படி கசிவு எங்கள் தரைக்கு அடியிலுள்ள குழாயிலிருந்தே என்று உறுதியாகியுள்ளது. முன்பு நாங்கள் மறுத்தது தவறு' என்று எழுதிப் பள்ளத்தின் படத்தையும் சேர்த்திருந்தார். ஜ்யோத்ஸ்னாவுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது; அவர் அதே செய்தியை ஆங்கிலத்திலும் அனுப்பியிருந்தார். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு, "மேற்படின்னா என்ன அங்கிள்?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

குழாய் மாறியது. கீழே கூரை காய மூன்று வாரம் ஆகும் என்றார் கலியமூர்த்தி. பூச்சையும் தானே செய்து தருவதாகச் சொன்னார். நவம்பரில் புகைமூட்டம் கவிந்தால் கட்டட வேலைக்குத் தடை வந்துவிடும். அதற்குள் தரையை முடிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடி மங்கோல்புரி. இம்முறை மதனும் வந்தார், தன் சொந்தச் செலவில், ஸ்பூனோடு. ஒரு கிரானைட்டைத் தட்டிவிட்டுக் குழந்தைபோல் திரும்பிப் பார்த்தார். "மணிதான் மேடம்! நூல்ல இருக்கறது நெஜம்!" நின்ற கல்லையும் படுத்த கல்லையும் அவள் தட்டிக் காட்டியதும் அவர் முகம் யோசனையில் ஆழ்ந்தது. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

படுக்கையறைக்கு ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல் என்று தீர்மானித்தார்கள். அடர்ந்த பச்சை, நல்ல கனம். ஜெயகிருஷ்ணனின் பட்டியலுக்குப் பழுதில்லை. ஒவ்வொரு பலகையையும் சுந்தரவல்லி தட்டிப் பார்த்தாள். பதினெட்டில் இரண்டை வேண்டாம் என்று ஒதுக்கினாள்.

கல் பதிக்கும் நாளன்று, காலை பதினோரு மணிக்கு அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஜ்யோத்ஸ்னா.

"ஆன்ட்டி, எனக்கு மீட்டிங். இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்வீங்களா, ப்ளீஸ்?"

சுந்தரவல்லி கலியமூர்த்திக்குக் கையைக் காட்டினாள். மெஷின் நின்றது. தூசி மெல்லப் படிந்தது. அவர் முகத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு, இன்னும் பதிக்காத கல்லின்மேல் உட்கார்ந்தார். அவள் டீ போட உள்ளே போனாள்.