அக்காவின் நீலக் கரைசலும் அத்தானின் அமிலத் தொட்டியும்

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“உங்க அக்கா என் வேலைக்கு உலை வைக்கிறா, தம்பி.”

நான் சிரித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அக்கா ஆய்வகத்தில் உண்மையிலேயே எதையோ அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

2.

தொடக்கத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். ‘செத்துப்போன கைபேசிகள் எங்கே போகின்றன என்று நீங்கள் எப்போதாவது—’ (அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.) ‘கோபால்ட் என்னும் உலோகம்—’ (இதுவும்.) நேராகவே சொல்கிறேன்.

இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புப் பொடியிலிருந்து கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். பொடியைக் கரைப்பது கந்தக அமிலம். அந்தத் தொட்டி பன்னிரண்டு வருடமாக அத்தானின் பொறுப்பு. அவருடைய இருமலுக்கும் ஏறக்குறைய அதே வயது.

மாடி ஆய்வகத்தில் அக்கா வேறு வழி தேடினாள். கோழித்தீவனத்தில் சேர்க்கும் ஓர் உப்பு. எலுமிச்சையில் இருக்கும் அமிலம். (இரண்டும் உலர்ந்த தூள். சேர்த்துச் சூடாக்கினால், தண்ணீர் ஊற்றாமலே உருகித் திரவமாகிவிடும். நான் நம்பவில்லை, செய்து காட்டினாள்.) அதில் கறுப்புப் பொடி மெல்லக் கரைந்து, கோபால்ட் நீலமாக இறங்கியது. புகையில்லை, நெடியில்லை.

“உங்க நெஞ்சுக்காகத்தான் இதையே ஆரம்பிச்சேன்,” என்றாள் அத்தானிடம்.

“நான் கேட்டேனா?”

அதன்பின் நான்கு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை என் கைபேசி வழியாகத்தான் நடந்தது.

3.

முதல் வரைவில் அத்தானை வில்லனாக்கியிருந்தேன். சோதனை நாளில் அவரே குழாயை அடைத்துவிடுவதாக ஒரு காட்சி. விறுவிறுப்பாக வந்திருந்தது. அக்கா படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“நடந்ததை எழுதுறதுன்னா எழுது. இல்லைன்னா அவரை விட்டுடு.”

நடந்தது இது. இருநூறு லிட்டர் கலனில் முதல் சோதனை. முதலாளியும் வந்து நின்றார். நீலத் திரவத்தை வடிகட்டிக்கு அனுப்பியபோது பாதி வழியில் நின்றுவிட்டது. பம்பு முனகியது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா குறிப்பேட்டோடு நின்றாள். ஒரு பக்கமும் புரட்டவில்லை. [இங்கே அவள் மனவோட்டத்தை ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். “எனக்கு ஒண்ணுமே ஓடலைடா,” என்கிறாள்.]

அமிலத் தொட்டிப் பக்கமிருந்து அத்தான் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. புறங்கையைக் குழாய்க்கு அருகே பிடித்தபடி நடந்துபோய், சுவரோர வளைவில் நின்றார்.

“இந்த இடத்துல ஆறிப்போச்சு. தேன் மாதிரி இறுகி நிக்குது. அமிலம் தண்ணியாட்டம் ஓடும். அதுக்குப் போட்ட குழாய் இது.”

வெந்நீர் ஓடும் ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து வளைவில் சுற்றினார். கால் மணி நேரம். பம்பின் சத்தம் மாறியது, நீலம் நகர்ந்தது.

“ஏன் போனீங்க?” என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

“அவ நின்ன நிலையைப் பார்க்க முடியலை, தம்பி.” இருமினார். “யோசிச்சிருந்தா போயிருக்க மாட்டேன்.”

4.

முதலாளி முடிவு செய்துவிட்டார்: அமிலத் தொட்டி இந்த வருடத்தோடு மூடல். புதிய கலனை அத்தான் ஓட்டலாம், அக்காவின் மேற்பார்வையில். சம்மதக் கடிதம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

அவர் கையெழுத்திடுவதாக ஒரு முடிவு எழுதினேன். இன்னொரு ஆலையில் இன்னொரு அமிலத் தொட்டியைத் தேடிப் போவதாக மற்றொன்று; உண்மையைச் சொன்னால் அதுதான் நன்றாக வந்திருந்தது. அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“ரெண்டையும் கிழிச்சுப் போடு. நீ எழுதுறது அச்சுல வந்தா முதல்ல படிக்கிறவரு அவருதான். எதைப் படிச்சாலும் அவருக்காக நாம முடிவெடுத்த மாதிரி ஆயிடும். ஒரு தடவை நான் கேக்காம செஞ்சேன். போதும்.”

கிழித்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.