பகலா, ராத்திரியா

"தாழ்வா, தடிமனா மேகம் வந்து நின்னா கீழே நிலம் சூடாகுமாம்" என்று சொல்லி, பேராசிரியர் பாக் சோமந்த்ரி விடைத்தாளைத் தூக்கி எறிந்தார். எறிவதற்குக் கையில் பலமில்லை. தாள் அவர் வயிற்றின் மேலேயே விழுந்தது.

மகன் விகுனா அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தான். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வந்தவன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. சட்டையெல்லாம் மாவு.

"பதினாலு வாரம் கத்தினேன். வெயிலு மேகத்துல பட்டுத் திரும்பிப் போயிடும், நிலத்துக்கு வராது, நிலம் குளிரும்னு. ஒன்பது பேர் சூடாகும்னு எழுதியிருக்கானுங்க. ஒன்பது பேரும் அவுட்."

"மூச்சு வாங்குது. அப்புறம் திட்டலாம்."

"அப்புறம்னா எப்போ?"

விகுனா தலையணையைத் தட்டிச் சரிசெய்தான். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, நுரையீரலில் தண்ணீர் என்று மருத்துவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்குப் போகிறேன் என்று அவரே கேட்டு வந்துவிட்டார். வரும்போது பல்கலைக்கழகத்திலிருந்து விடைத்தாள் கட்டையும் வாங்கிவரச் செய்தார். வளிமண்டலக் கதிர்வீச்சு, ஐந்தாம் பருவம், முப்பத்தெட்டு பேர். பாண்டுங் நகரில் முப்பத்தொரு வருடமாக அவர் நடத்தும் பாடம். மாணவர்களுக்கு அவர் 'பாக்', ஐயா. விகுனாவும் ஒரு காலத்தில் அதில் உட்கார்ந்திருந்தான். அவனையும் ஃபெயிலாக்கினார். நியாயமாகத்தான் ஃபெயிலாக்கினார். அவன் படிக்கவில்லை. அடுத்த பருவம் கல்லூரிக்கே போகவில்லை.

"கேள்வியைக் காட்டுங்க."

"நீ எதுக்குப் பார்க்கறே?"

"சும்மாதான்."

கட்டின் மேலிருந்த கேள்வித்தாளை எடுத்துப் படித்தான். ஐந்தாவது கேள்வி, இருபது மதிப்பெண். தாழ்ந்த, தடித்த மேகம் ஒன்று வானத்தை மூடினால் நிலத்தின் வெப்பநிலை என்ன ஆகும்? காரணத்துடன் விளக்குக.

"பகலா, ராத்திரியா?"

"என்னது?"

"மேகம் எப்போ வருது? பகல்லயா, ராத்திரியிலயா? போடலையே."

அப்பா அவனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"விடிகாலை நாலு மணிக்கு நாங்க லாரியில ரொட்டி ஏத்துவோம்" என்றான் விகுனா. "மேகம் இருந்தா கதகதன்னு இருக்கும். வானம் வெறிச்சுன்னு இருந்தா விரல் மடங்காது. நீங்கதானே தினமும் வாசல்ல நின்னு சொல்வீங்க. மேகம் இருக்கு, ஜாக்கெட் வேண்டாம்னு."

அது உண்மைதான். படிப்பை விட்ட நான்கு வருடத்தில் அப்பனும் மகனும் தவறாமல் பேசிக்கொண்டது அது ஒன்றுதான். மாலை அவன் செருப்பு மாட்டும்போது அவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். 'எடுத்துக்கோ' என்பார், அல்லது 'வேண்டாம்' என்பார். கதவைச் சாத்திவிடுவார்.

"ராத்திரியில வெயில் ஏது?" அப்பா தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "நிலம் விடற சூட்டை மேகம் வாங்கும். வாங்கி, திருப்பிக் கீழேயே அனுப்பும். சூடாத்தான் இருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "ச்சே. மடையன்."

"யாரு?"

"நான்தான்டா. பகல்லயே பாடம் நடத்தி நடத்தி, ராத்திரின்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

"இப்போ மாத்திடுங்க."

"இன்னிக்கு வியாழன். மார்க் பட்டியலை நாளைக்குச் சாயங்காலம் பூட்டிடுவாங்க. பூட்டினா அந்த ஒன்பது பேரும் அடுத்த வருஷம் மறுபடி உட்காரணும். சிலதுங்க உதவித்தொகையில படிக்குது. அது நின்னுடும்." சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். "பல்கலைக்கழகத் தளத்துல மார்க் திருத்தப் படிவம் ஒண்ணு இருக்கு. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு வா. நான் கையெழுத்துப் போடணும். ஓடு."

"முகம் கழுவிட்டு..."

"அது எங்கேயும் போகாது. ஓடு."

சந்து முனையிலிருந்த ஜெராக்ஸ் கடையில் அச்சுப்பொறி மக்கர் செய்தது. கடைக்காரர் அதைத் தட்டினார், திறந்தார், மறுபடி தட்டினார். இருபது நிமிடம். விகுனா சூடான தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தான். கூடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம்.

"குனா" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே அப்பா அந்த மூன்று தலையணையிலும் சாய்ந்தபடியே இருந்தார். மடியில் விடைத்தாள். ஐந்தாவது கேள்விக்குப் போட்டிருந்த பூஜ்யத்தின் மேல் சிவப்புக் கோடு ஒன்று பாதிவரை போய் நின்றிருந்தது.

பதினோரு மணிக்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டுக்கு அடையாளமாகச் சந்து முனையில் மஞ்சள் கொடி கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்காமலே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். குளிப்பாட்டும்போது விகுனா வலது கைப்பக்கம் நின்றான். நடுவிரலில் சிவப்பு மை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"விடுப்பா, மை தண்ணி உடம்புல படறதைத் தடுக்காது" என்றார் குளிப்பாட்ட வந்த கிழவர். "என் மகனுக்கும் இவர்தான் வாத்தியார். அவன் பேப்பர் பூரா இதே மைதான்."

கஃபன் துணி சுற்றியபின் அம்மா அவனை அடுக்களை மூலைக்குக் கூப்பிட்டாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அடியில் ஆசிரியர் கையெழுத்து என்று எழுதியிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஸ்கூல்ல ரேங்க் கார்டுல அவர் கையெழுத்தை நீதானே போடுவே?" என்றாள். "நல்லாத்தானே போடுவே."

"அம்மா!"

"அச்சு அசலா இருக்கும். போட்டுடு. ஒன்பது பிள்ளைங்க பாவம்."

பேனாவை எடுத்தான். 'சோ' வரைக்கும் காற்றில் எழுதிப் பார்த்தான். கை மறக்கவில்லை.

"கண்டுபிடிச்சிடுவாரும்மா" என்றான்.

"எப்படிக் கண்டு..." அம்மா நிறுத்திக்கொண்டாள். படிவத்தை அவன் சட்டைப் பையில் அவளே வைத்து, பையை ஒருமுறை தடவிவிட்டாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அப்பாவின் ஜனாஸாவை வைத்தார்கள். மாணவர்கள் பைக்குகளில் வந்து குவிந்திருந்தார்கள். மாணவர்கள் மரியாதையாக 'ஈபு' என்று அழைக்கும் துறைத்தலைவர் ஹெர்லினா கறுப்பு முக்காடிட்டுப் பெண்களோடு நின்றார். குடும்பத்தின் சார்பில் ஒருவர் பேச வேண்டும். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"நான் பேசறேன் பெரியப்பா."

"நீயா? சரி. மூணே வரி. வந்ததுக்கு நன்றி. தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பை மன்னிச்சிடுங்க. நல்லவர்தானேன்னு கேளு. முடிஞ்சுது."

விகுனா முன்னால் போனான். மாவு படிந்த சட்டையைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே மாற்றியிருந்தான், முகம் மட்டும் தொழுகைக்காகத் தண்ணீரில் நனைத்ததோடு சரி, இன்னும் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. அப்பா ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க." நிறுத்தினான். "ஏதாவது இல்ல. ஒரு தப்பு செஞ்சார். என்னன்னு எனக்குத் தெரியும்."

பெரியப்பா அவன் முழங்கையைப் பிடித்தார். "மௌத்தானவங்க குறையை வெளியே சொல்லக்கூடாதுடா."

"அவரே சொன்னது பெரியப்பா. மடையன்னு அவரையே திட்டிக்கிட்டார்." பிடி தளர்ந்தது. விகுனா மாணவர்கள் பக்கம் திரும்பினான். "ஐந்தாவது கேள்வியில பகல்னு போட மறந்துட்டார். ராத்திரின்னு எடுத்துக்கிட்டா சூடாகும்னு எழுதினதும் சரிதான். ஒன்பது பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கார். திருத்தணும்னு படிவம் வாங்கி வரச் சொன்னார். நான் வர்றதுக்குள்ள..." பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினான். "கையெழுத்து இல்ல. நாளைக்குப் பட்டியலைப் பூட்டிடுவாங்களாம். அந்த ஒன்பது பேரும் அவரை மன்னிக்கணும். மார்க் வர்ற வரைக்கும் அதைக் கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு."

இமாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஈபு ஹெர்லினா நடந்து வந்தார்.

"கேள்வித்தாள் இருக்கா?"

அதே பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"போடலைதான்" என்றார். "இதைத் தேர்வுக்கு முன்னாடி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். எனக்கும் ராத்திரி ஞாபகம் வரலை." கைப்பையைத் துழாவினார். "ஆசிரியர் இல்லாமப் போனா துறைத்தலைவர் கையெழுத்து செல்லும். பேனா யார்கிட்ட இருக்கு? பிந்தாங், குனி."

முன்வரிசையில் நின்ற ஒல்லியான பையன் குனிந்தான். அவன் முதுகின் மேல் படிவத்தை வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். குனிந்தபடியே அவன் வாயைத் திறந்தான்.

"ஈபு, அந்த ஒன்பதுல நானும் ஒருத்தன்."

"தெரியும்."

"ஆனா நான் ராத்திரின்னு நினைச்சு எழுதலை. ரெண்டுல ஒண்ணு சரியா இருக்கும்னு சும்மா எழுதினேன்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் பலர். பெரியப்பாவும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயை மூடிட்டு நேரா நில்லு" என்றார் ஈபு ஹெர்லினா.

"மன்னிச்சாச்சு பாக்" என்றான் பிந்தாங், பச்சைத் துணி மூடிய ஜனாஸாவைப் பார்த்து. இன்னும் சிலர் அதையே முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது வரி விகுனாவுக்கு வரவில்லை. பெரியப்பாதான் முன்னால் வந்து கேட்டார். "இவர் நல்லவரா?"

"நல்லவர்" என்றது கூட்டம். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னார்கள்.

அடக்கிவிட்டுத் திரும்பும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. மஃரிப் தொழுகைக்குப் பின் ஓதுவதற்கு ஆட்கள் வருவார்கள், பாய் போதாது, தெருக்கோடி வீட்டிலிருந்து வாங்கிவா என்றார் பெரியப்பா. விகுனா ஒருவழியாகச் சோப்புப் போட்டு முகம் கழுவினான். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டினான். ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதை மாட்டாமல் கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் யாரும் வரவில்லை.

அம்மா கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்து அப்பாவின் பழுப்பு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அதன் வலது கை நுனியில் சிவப்பு மை.

"போட்டுக்கறியா?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மலையை மறைத்துக்கொண்டு மேகம் தாழ நின்றது. ஓட்டை இல்லை, நட்சத்திரம் இல்லை. விடியும்வரை குளிராது.

ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் பாய் வாங்கப் போனான்.